நிறுக்காத புகை

நிலக்கரி தின்று நீராவி கக்கிய வண்டியைக் கண்டு "புகையிரதம்" என்று பெயரிட்டனர் நம் முன்னோர். இரதம் என்ற சொல்லிலே கம்பீரம் இருக்கிறது. புகை என்ற சொல்லிலே உண்மை இருக்கிறது. நிலக்கரிக் காலம் மலையேறி மறைந்துவிட்டது. 1938 இல் முதல் டீசல் தொடர்வண்டிகள் இலங்கைக்கு வந்தன. 1954 முதல் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா அளித்த என்ஜின்கள், 'அல்பேர்ட்டா', 'ஒன்டாரியோ' என அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி வந்து சேர்ந்தன. 1979 இல் மேற்கு ஜெர்மனியின் எம்6 வகையும், 2012 இல் சீனத்து எஸ்12 வகையும் வந்தன. வண்டிகள் மாறின, நிறங்கள் மாறின, ஆயினும் பெயரில் ஒட்டிக்கொண்ட புகை மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

எமது ஹல்துமுல்லையில் புகையிரத நிலையம் கிடையாது. கொழும்பிலிருந்து பதுளை செல்லும் மோட்டார் வீதிதான் ஊரின் நடுவே ஓடுகிறது. இருப்புப் பாதையோ நம் தலைக்கு மேலே, மலை முகட்டை ஒட்டி, ஒஹியாவிலிருந்து இதல்கஸ்ஹின்னவுக்கும் அங்கிருந்து அப்புத்தளைக்கும் வளைந்து வளைந்து செல்கிறது. 1924 ஆம் ஆண்டில் பதுளையைச் சென்றடைந்த அப்பாதையைத் தோட்டத்துச் சனங்கள் "கோச்சிப் பாதை" என்பார்கள். காற்று வாகாக வீசும் நாட்களில் கோச்சியின் கூவல் பள்ளத்தில் இறங்கி வந்து எமது லயத்தின் கதவைத் தட்டும். சிறு வயதில் அக்கூவலைக் கேட்டால் எமக்கு முதலில் நினைவுக்கு வருபவர் தாய்மாமன்.

மாமா இதல்கஸ்ஹின்னப் பக்கம் பாதை வேலை பார்த்தவர். சுத்தியலும் மண்வெட்டியும் தோளில் சுமந்து, தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்து தம் வயதைக் கழித்தவர். எழுத்து வாசனை குறைவு. ஆனால் என்ஜினின் புகையைப் படிக்க அறிந்தவர். "மருமகனே, கறுப்பா வந்தா பாரம் தாங்கல, நீலமா வந்தா ஒயிலக் குடிக்குது, வெள்ளையா வந்தா எண்ணெய் சரியா எரியலன்னு வச்சுக்க" என்பார். பிற்காலத்தில் நூல்களைப் புரட்டியபோது, மாமா சொன்ன இலக்கணம் இயந்திரக்காரர்களின் இலக்கணத்தோடு பெரிதும் ஒத்திருக்கக் கண்டு வியந்தோம்.

ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் மாமாவைத் தீராத இருமல் பற்றிக்கொண்டது. வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றபோது ஓர் இளம் வைத்தியர் மிகவும் பொறுமையாக விசாரித்தார். "ஐயா, நீங்க எவ்வளவு காலம், எவ்வளவு புகையில இருந்தீங்க?" என்பது கேள்வி. மாமா சிரித்துக்கொண்டே சொன்னார்: "மூணு புகைங்க, தொரை. பீடிப் புகை, அடுப்புப் புகை, கோச்சிப் புகை. எது எவ்வளவுன்னு யாரு நிறுத்துப் பார்த்தாங்க?"

வைத்தியரும் சிரித்தார். பின்பு கையிலிருந்த தாளில் ஓரிடத்தை எழுதாமலே விட்டுவிட்டார். மாமா இன்று இல்லை. அந்த வெற்றிடம் மட்டும் எமது மனத்தில் இன்னும் நிரம்பாமல் இருக்கிறது. மாமாவை வாட்டியது கோச்சிப் புகைதான் என்று நாம் சாதிக்க வரவில்லை. அவர் விரலிடுக்கில் பீடி இருந்ததை நாமே கண்டிருக்கிறோம். ஆனால் அன்று என்றும் சொல்ல முடியாமற் போயிற்றே, அதுவே எமது துயரம்.

இத்துயரம் எமக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பின்னர் அறிந்தோம். 2012 ஜூன் மாதத்தில் உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று ஐயமின்றி அறிவித்தது. அம்முடிவுக்குத் துணைநின்ற ஆராய்ச்சிகளுள் புகையிரத ஊழியரைப் பற்றியவையும் உண்டு. எரிக் கார்ஷிக் என்பவரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் 54,973 புகையிரத ஊழியர்களின் பதிவுகளை 1959 முதல் 1996 வரை தொடர்ந்து ஆராய்ந்து 2004 இல் வெளியிட்டனர். ஓடும் வண்டியிலேயே பணியாற்றியோரிடையே நுரையீரற் புற்றுநோயால் நேர்ந்த மரணம், புகைபடாத வேலை செய்தோரைக் காட்டிலும் ஏறத்தாழ 40 சதவீதம் மிகுந்திருந்தது. எனினும் அவர்கள் உண்ட புகையின் அளவைப் பெரும்பாலும் வேலையின் பெயரைக் கொண்டே ஊகிக்க நேர்ந்தது. ஐம்பத்தையாயிரம் பேருக்கும் அந்தத் தாளில் அதே இடம் வெற்றிடமாகவே இருந்தது என்று சொன்னால் பிழையாகாது.

புகையை நிறுக்க முடியுமா என்று வாசகர்கள் கேட்கலாம். நிறுவையைப் பற்றித் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தெரியும். எமது தாயார் கொழுந்துக் கூடையோடு மடுவத்தில் வரிசையில் நின்ற நாட்களை நாம் மறக்கவில்லை. தராசு ஒன்றுதான், ஆனால் எப்போது நிறுத்தார்கள், எந்த நிலையில் நிறுத்தார்கள் என்பதைப் பொறுத்து இறாத்தல் மாறும். மழையில் நனைந்த கொழுந்துக்கு ஈரக் கழிவு. கூடைக்கு ஒரு கழிவு. வெயிலில் வாடிய கொழுந்தோ தானாகவே எடை இழந்துவிடும். ஆகவே தராசு நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது. நிறுக்கும் வேளையும் இடமும் நேர்மையாக இருத்தல் வேண்டும் என்பது மடுவத்தில் நாம் கற்ற முதற் பாடம்.

புகைக்கும் இப்பாடம் பொருந்தும். 2008 முதல் நம் நாட்டில் மோட்டார் வாகனங்களுக்கு ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை நடைபெறுகிறது. அச்சான்றிதழ் இன்றி வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது. டீசல் வாகனத்தை நிறுத்தி வைத்து, என்ஜினை உறுமச் செய்து, குழாயிலிருந்து வரும் புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று பார்ப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் நின்று உறுமும் வண்டி வேறு. சுமையோடு ஏற்றம் ஏறும் வண்டி வேறு. 2015 இல் உலகையே அதிரவைத்த வொக்ஸ்வாகன் மோட்டார் விவகாரம் இதையே காட்டியது. பரிசோதனைச் சாலையில் உத்தமமாய் நடந்துகொண்ட கார்கள் வீதியில் இறங்கியதும் பன்மடங்கு நஞ்சைக் கக்கின. சிறு கருவிகளைக் காரிலேயே ஏற்றிச் சென்று மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தார் செய்த அளவீடே அக்குட்டு உடைவதற்கு வழிகோலியது.

அதே முறையைப் புகையிரதத்திலும் கையாண்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ராலேயிலிருந்து ஷார்லட் நகருக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் டீசல் வண்டிகளில், கிறிஸ்டோபர் ஃப்ரே என்னும் பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் ஆண்டுக் கணக்கில் அளவெடுத்தனர். பயணப் பெட்டியளவான கருவி ஒன்று என்ஜினில் ஏறும். புகைபோக்கியிலிருந்து மெல்லிய குழாயொன்று சிறிதளவு புகையை உறிஞ்சிவந்து அதற்கு ஊட்டும். கரியமில வாயு எவ்வளவு, காபனோரொட்சைட்டு எவ்வளவு என்பதைக் கண்ணுக்குத் தெரியாத செந்நிறக் கீழ்க்கதிர் சொல்லும். நைதரசனின் ஒட்சைட்டுகளை மற்றோர் உணரி சொல்லும். கரித்துகள்களில் பட்டுச் சிதறும் ஒளி அவற்றின் அளவைச் சொல்லும். என்ஜினின் சுழற்சி, உள்ளே செல்லும் காற்றின் அழுத்தம், வெப்பம் ஆகியவற்றையும், செய்மதி காட்டும் இடத்தையும் வேகத்தையும் கருவிகள் நொடிக்கு நொடி எழுதிக்கொண்டே வரும்.

அப்பால் நடப்பது கணக்கப்பிள்ளை வேலை. டீசலாக உள்ளே போன கரி முழுவதும் புகையாக வெளியே வந்தாக வேண்டும். வழியில் ஓர் அணுவும் தொலையாது. வரவும் செலவும் ஒத்துப்போனால் நிறுவை சரி. ஒரு லீற்றர் டீசலின் எடை ஒரு கிலோவுக்குக் குறைவு. அது எரிந்து தரும் கரியமில வாயுவோ 2.6 கிலோவுக்கு மேல். காற்றிலிருந்து ஒட்சிசனைக் கவர்ந்துகொள்வதால் வந்த பாரம் அது. இலேசான ஒன்றைப் "புகை" என்று சொல்லிப் பழகிய நமக்கு, உள்ளே போனதைக் காட்டிலும் வெளியே வருவது மும்மடங்கு கனமானது என்பது ஆச்சரியமன்றோ!

நிறுத்தி வைத்து அளந்ததற்கும் ஓட்டத்தில் அளந்ததற்கும் வேறுபாடு உண்டு என்பதை அக்குழுவினர் கண்டனர். பாதையின் எல்லா இடங்களிலும் புகை ஒரே அளவாக எழுவதில்லை. ஏற்றங்களிலும், நிலையத்தை விட்டு வண்டி வேகமெடுக்கும் இடங்களிலும் அது குவிகிறது. சாரதி ஓட்டும் பாங்கு மாறினாலே எரிபொருளும் புகையும் மாறுகின்றன. மாமா கண்ணால் கண்டதை அவர்கள் எண்ணால் கண்டார்கள்.

இக்கருத்து எமக்கு ஏட்டளவில் மட்டும் நின்றிருந்தால் இக்கட்டுரை எழுந்திராது. சில ஆண்டுகளுக்கு முன் மார்கழி விடுமுறையில் மாமாவின் பேத்தியுடன் ஒஹியாவில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தோம். ஒருநாள் காலை இறக்கத்தில் வண்டியேறி அப்புத்தளைச் சந்தைக்குப் போய், பிற்பகலில் திரும்பினோம். கூட்டம் மிகுதி; என்ஜினுக்கு அடுத்த பெட்டியில்தான் இடம் கிடைத்தது. சன்னல்கள் யாவும் திறந்திருந்தன. அப்புத்தளையை விட்டதும் வண்டி முக்கி முனகி மேலேறத் தொடங்கிற்று. 44 அடி போனால் ஓரடி ஏறும் பாதை அது. இடப்புறமும் வலப்புறமும் மாறி மாறி மலை விலகி, ஒருகணம் எமது ஹல்துமுல்லைப் பள்ளம் மேகத்தினூடே தெரிந்து மறைந்தது. அடுத்த கணம் சுரங்கம்.

நம் நாட்டுப் பிள்ளைகளின் வழக்கம் வாசகர்கள் அறிந்ததே. சுரங்கத்துள் நுழைந்ததும் பெட்டியே அதிரும்படி "கூ" என்று கூவினார்கள். குழந்தையும் கூவினாள், உண்மையைச் சொன்னால் நாமும் கூவினோம். பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். வெளிச்சம் வந்தபோது குழந்தை கண்ணைக் கசக்கியபடி கேட்டாள்: "மாமா, காலையில வர்றப்ப இப்பிடிப் புகை இல்லையே?"

நல்ல கேள்வி. காலையில் வண்டியை இழுத்தது மலை. மாலையில் இழுத்தது என்ஜின். இறக்கத்தில் என்ஜின் ஏறக்குறைய ஓய்ந்திருக்க, தடுப்புக்கே வேலை. ஏற்றத்தில் சாரதி விசையின் படிகளை உச்சத்துக்குத் தள்ளியாக வேண்டும். இன்னொன்றும் உண்டு. பட்டிப்பொல நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில் இருக்கிறது. அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. விறகடுப்பில் காற்றுக் குறைந்தால் என்ன நேரும் என்பதை எந்தத் தாயும் அறிவாள். ஊதுகுழலை எடுத்து ஊதுவாள். டீசல் என்ஜினிலும் காற்றை ஊதித் திணிக்கும் பொறி உண்டு. அது தேய்ந்தாலோ, அடைபட்டாலோ, எண்ணெய் முழுதும் எரியாமல் கரியாகிவிடும். அதே மூச்சில் சுரங்கமும் வந்துவிட்டால், எழுந்த புகை போக்கிடமின்றி நம் பெட்டிக்குள்ளேயே விருந்தாளியாகிறது.

இனி, பரிசோதனைச் சாலையின் கணக்கைப் பாருங்கள். புகையிரத என்ஜின்களுக்கென வகுத்த சர்வதேச நியமம் ஒன்றில் மூன்றே நிலைகள் உண்டு. சும்மா நின்று உறுமுவதற்கு நூற்றில் 60 பங்கு, அரைப் பாரத்துக்கு 15 பங்கு, முழுப் பாரத்துக்கு 25 பங்கு என மதிப்பிட்டுச் சராசரி காண்பார்கள். பதுளையில் வண்டி காத்திருக்கும் நேரத்தையும் இறக்கங்களையும் கூட்டிப் பார்த்தால், நம் மலைவண்டியின் சராசரியும் அதற்கு அருகே வரக்கூடும். ஆனால் சுரங்கத்துள் இருப்பவர் சராசரியைச் சுவாசிப்பதில்லை. அந்த நேரத்துப் புகையையே சுவாசிக்கிறார். பாதையோரம் ஒதுங்கி வண்டிக்கு வழிவிட்டு நிற்கும் தொழிலாளியும் அப்படியே.

பெட்டிக்குள்ளும் அளந்து பார்த்தவர்கள் உண்டு. கனடாவின் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தார் 2017 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், என்ஜின் முன்னின்று இழுக்கும்போது அதற்கு அடுத்துள்ள பெட்டியில் கரித்துகள், வாகன நெரிசல் மிக்க நகரத் தெருவில் உள்ளதைப் போல ஏறத்தாழ 9 மடங்காக இருக்கக் கண்டனர். அதே என்ஜின் பின்னிருந்து தள்ளும்போது அளவு வெகுவாகக் குறைந்தது. 2019 இல் வெளியான டென்மார்க்கு ஆராய்ச்சியில், நலமுள்ள தொண்டர்களை மூன்று நாட்கள் டீசல் வண்டியில் அமரவைத்தனர். மின்சார வண்டியில் அமர்ந்த நாட்களோடு ஒப்பிட்டபோது, அவர்களுடைய மூச்சின் வலிமை சற்றே தளர்ந்திருந்தது. இவற்றுள் மிகவும் சிறிய துகள்களும் நைதரசனின் ஒட்சைட்டுகளும் கண்ணுக்குப் புலப்படுவன அல்ல. ஆகவே மாமாவின் கண்ணும் ஓர் எல்லைக்கு மேல் உதவியிராது. கரும்புகை தெரியாத புது வண்டி குற்றமற்றது என்று சொல்லிவிடவும் முடியாது. கரும்புகை கக்கும் பழைய வண்டியே எல்லாத் தீங்குக்கும் காரணம் என்று பழி சுமத்தவும் முடியாது.

கோச்சியின் பக்கமும் பேசவேண்டும், அதுவே நியாயம். ஒரே என்ஜின் நூற்றுக்கணக்கானோரை மலையேற்றுகிறது. அவர்கள் அனைவரும் பேருந்துகளிலும் வேன்களிலும் பெரகலை வளைவுகளில் ஏறுவார்களாயின் அந்த வீதியின் கதி என்ன? தலைக்கு இத்தனை என்று பகுத்துப் பார்த்தால் கோச்சியே வெல்லவும் கூடும். அந்த வெற்றியைச் சொல்வதற்கும் எண் வேண்டும். தராசு இரு பக்கத்துக்கும் பொதுவானது. குற்றவாளியை மட்டுமன்றி நிரபராதியையும் அது காட்டும்.

எனவே, கோச்சியை நிறுத்தச் சொல்லி நாம் எழுதவில்லை; நிறுக்கச் சொல்லியே எழுதுகிறோம். ஒரு கருவி, அதை அறிந்த சிலர், ஏற்றத்திலும் இறக்கத்திலும் மழையிலும் வெயிலிலும் சில பயணங்கள். அவ்வளவு கொண்டே, எந்த என்ஜினுக்குப் பழுதுபார்த்தல் முதலில் தேவை, எந்தச் சுரங்கத்துக்கு முன் சன்னலை மூடச் சொல்லவேண்டும், எந்த வளைவில் பாதைத் தொழிலாளி எவ்வளவு தூரம் விலகி நிற்கவேண்டும் என்பவற்றை ஊகமின்றிச் சொல்லலாம். ரொறன்ரோவில் எண்கள் வெளிவந்த பின்னரே பெட்டிகளின் காற்று வடிகட்டிகள் திருத்தப்பட்டன. எண் வருமுன் எவரும் அசைவதில்லை என்பது உலக இயல்பு.

எமது தாயார் பறித்த கொழுந்தில் ஓர் இறாத்தலும் நிறுக்காமல் மடுவத்தைத் தாண்டியதில்லை. அவருடைய தமையனார் ஆயுள் முழுவதும் உண்ட புகையை ஒரு நாளாவது நிறுத்தவர் எவருமில்லை. மாமாவின் மகன் இன்று அதே முகட்டில், அதே வேலையில் இருக்கிறார். பீடியைத் தொட்டதில்லை, வீட்டிலோ காஸ் அடுப்பு. தந்தையின் மூன்று புகையில் இரண்டை அவர் தாமாகவே விலக்கிக்கொண்டார். மூன்றாவது மட்டும் அவர் கையில் இல்லை. என்றேனும் ஒருநாள் ஒரு வைத்தியர் அவரிடமும் அதே கேள்வியைக் கேட்கக்கூடும். அப்போதாவது அந்தத் தாளில் எழுதுவதற்கு ஓர் எண் இருக்கவேண்டும் என்பதே எமது ஆசை.